பல்லைப் பிடித்துப் பார்த்த ஹெலிகாப்டர்

வைதூரிப் பள்ளத்தாக்கில் ஆடு வாங்குகிறவன் ஆட்டைப் பார்ப்பான். படகு வாங்குகிறவன் படகைக் கவிழ்த்துப் பார்ப்பான். ஹெலிகாப்டர் வாங்குகிறவன் மட்டும் விற்கிறவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு, கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். இதை முட்டாள்தனம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் வருஷம் பூராவும் மழை என்று கிடக்கிற ஊரில் விற்றவன் ஓடிப்போக இடம் ஏது? கெட்ட வண்டியை விற்றால் அடுத்த வெள்ளிக்கிழமை நைரியின் பப்பில் வாங்கினவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். இல்லாவிட்டால் அவனுடைய மனைவி கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பாள். இதைவிடக் கடுமையான உத்தரவாதப் பத்திரத்தை எந்த வக்கீலும் எழுதினதில்லை.

கார்மக் டீகனுக்கு இது தெரியாமல் இல்லை. அதே பள்ளத்தாக்கில் பிறந்தவன். நடுவில் கொஞ்ச காலம் ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டர் ஓட்டி மாடு விரட்டிவிட்டுத் திரும்பி வந்து, மான் வேட்டைக்கு வருகிற பணக்காரர்களுக்கு விடுதி நடத்துகிறான். அந்தப் பணக்காரர்களை மலை உச்சியில் இறக்கிவிடுவதற்கு அவனுக்கு ஒரு வண்டி வேண்டும். அதுவரை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவர் மேர்வின்.

மேர்வினைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னால் போதும். அவர் எந்த வண்டியிலும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஏறமாட்டார். மூக்கில் ஆரம்பித்து, வயிற்றின் கீழே குனிந்து, வால் வரை போய், வால் விசிறியைக் கையால் அசைத்துப் பார்த்து, வாலை மூன்று தட்டு தட்டி, மறுபக்கமாக வந்து ஏறுவார். சொந்த வண்டியில் அது சரி. ஒரு முறை குடல்வால் வெடித்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். கிரேமவுத்திலிருந்து மீட்பு ஹெலிகாப்டர் வந்தது. "ஒரு ரவுண்டு காட்டினாத்தான் ஏறுவேன்" என்றுவிட்டார் மனுஷன். வேறு வழியில்லாமல் நாலு பேர் அவரை ஸ்ட்ரெச்சரோடு தூக்கிக்கொண்டு, சுவாமி புறப்பாடு மாதிரி அந்த ஹெலிகாப்டரை வலம் வந்தார்கள். வாலருகே வந்ததும் அவர் படுத்தபடியே கையை நீட்டி மூன்று தட்டு தட்டினார். பிறகுதான் மயங்கினார்.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தைந்தாம் வயதில் டாக்டர், கண் சரியில்லை, இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேர்வின் அந்த டாக்டரை ஒரு வாரம் திட்டினார். மறு வாரம் கார்மக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய், வண்டியை எடுத்துக்கடா."

"என்ன மேர்வ், திடீர்னு?"

"ஆஸ்திரேலியாலேர்ந்து ஒருத்தன் கேக்கறான். நல்ல விலைதான் சொல்றான். ஆனா அங்கே போனா செம்மண்ணுல மாடு விரட்டியே செத்துரும். இங்கேயே கிடக்கட்டும். சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வரும்."

மேர்வின் சொன்ன விலை, கொடுக்கிறவனுக்கே வெட்கம் வருகிற அளவுக்குக் குறைவு. கார்மக் கையைக் குலுக்கினான். தேநீர் குடித்தான். அன்றோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். கார்மக்கின் மச்சான் கீத் என்று ஒருவன் கிறைஸ்ட்சர்ச்சில் இன்ஷூரன்ஸ் வேலை பார்க்காமல் இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

கீத் நல்லவன். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். கெடுதல் எங்கே வரும் என்று நினைப்பது மட்டும்தான் அவனுக்குச் சம்பளம். கார்மக்கைக் கட்டிக்கொண்ட தங்கை ஷோனா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே கேட்டான்:

"யாரு செக் பண்ணினது?"

"எதை?"

"வண்டியை மாப்ளே. வெளியாள் யாராவது ஒரு எஞ்சினியர் பிரிச்சுப் பாத்தானா?"

"மேர்வின் வண்டி கீத்."

"மேர்வினா இருக்கட்டும், போப்பாண்டவரா இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் வயசாச்சு, ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஷோனாவும் குழந்தையும் என் வீட்டுலதான் வந்து நிப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்லே, ரூம் இருக்கு."

ஷோனா சட்டென்று சொன்னாள்: "அண்ணா, சாப்பிடு."

கீத் சாப்பிட்டான். ஆனால் அந்த 'ரூம் இருக்கு' கார்மக்கின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டுக்கறி ஜீரணமாயிற்று, அது ஆகவில்லை.

வியாழக்கிழமைக்குள் கார்மக் கிறைஸ்ட்சர்ச்சில் அலிஸ்டர் என்ற எஞ்சினியரைப் பிடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை பப்பில் மேர்வினிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் அவன் தன் புத்தியைக் காட்டினான். 'எனக்குப் பயமா இருக்கு மேர்வ்' என்று சொல்லியிருக்கலாம். பயம் அந்த ஊரில் மரியாதையான சரக்கு. மலையில் பறக்கிறவன் எவனும் அதைக் கேலி செய்ய மாட்டான். கார்மக் அதைச் சொல்லவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"பேங்க்ல ஒரே தொல்லை மேர்வ். வெளியாள் ஒருத்தன் வந்து பாத்தாத்தான் லோன் குடுப்பானாம்."

மேர்வின் பீரை வைத்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"பேங்க்குன்னா செய்யத்தானேடா வேணும். அவனுங்களுக்கு மூக்கு இல்லே, காகிதத்தைத்தான் மோந்து பாப்பானுங்க. வரச்சொல்லு."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து நைரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பப்பில் அவள் காதில் விழாத பேச்சு கிடையாது. "பேங்க்காரன் ரொம்பத்தான் அக்கறையா இருக்கான்" என்றாள். "எனக்கு இந்தக் கூரைக்கு லோன் குடுத்தப்ப வந்து பாக்கவே இல்லே. ஒழுகுதான்னுகூடக் கேக்கலே."

கார்மக் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் அதற்குப் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

அலிஸ்டர் வருகிற அன்று மேர்வின் கொட்டகையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வண்டியைத் துடைத்து, கல்யாணப் பெண் மாதிரி நடுவில் நிறுத்தியிருந்தார். ஒரு மேசையில் தேநீர், வெண்ணெய் பிஸ்கட். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் கார்மக்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை மாதிரியே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அலிஸ்டர் மெலிந்த, மரியாதையான ஆள். மேர்வினைக் கண்டதும், "உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றான். பிறகு எஞ்சின் மூடிகளைத் திறந்தான். குச்சி முனையில் குட்டிக் கண்ணாடி ஒட்டின ஒரு சாமானை எடுத்தான், பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அது. அதை வண்டியின் வாய்க்குள் விட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது முழுத் தானம் இல்லை, பாதித் தானம். ஆகவே பாதிப் பல்லைப் பார்க்கலாம் என்று கார்மக் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தான்.

மேர்வின் கூடவே இருந்தார். கேட்டதை எடுத்துக் கொடுத்தார். அலிஸ்டர் கைக்கு எட்டாத இடத்தில் அவரே டார்ச்சைப் பிடித்தார்.

"எவ்வளவோ வண்டி பாக்கறேன் சார். இப்படி ஒண்ணைப் பாத்ததில்லே" என்றான் அலிஸ்டர்.

"அதையே எழுதிக் குடுத்துருப்பா. பேங்க்காரன் படிச்சுக்கட்டும்."

"பேங்க்கா?" அலிஸ்டர் கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். ஊரைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். "பேங்க் எதுக்கு சார்? பேங்க் அனுப்பினா அவங்க ஆளுங்கதான் வருவாங்க, நான் வரமாட்டேன். இது மிஸ்டர் டீகன் சொந்தமா கூப்பிட்டது. எனக்குப் போன்லகூட, 'மனசு கேக்கலே, ஒரு தடவை பாத்துருங்க'ன்னுதான் சொன்னாரு."

கொட்டகைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அங்கே எப்போதும் விழும். அன்றைக்குத்தான் அதன் சத்தம் கார்மக்குக்குக் கேட்டது.

மேர்வின் டார்ச்சை அசைக்கவில்லை. பிடித்த இடத்திலேயே பிடித்திருந்தார்.

"இந்த மூலையும் பாத்துக்கப்பா" என்றார் அலிஸ்டரிடம். "மனசு கேக்காதவங்களுக்கு இந்த மூலைதான் முக்கியம்."

அதற்குப் பின் அலிஸ்டர் பின் இருக்கையைக் கழற்றி, அதன் அடியில் தரைத் தகட்டைத் தூக்கினான். பழைய வண்டிகளின் வயிற்றில் எதுவும் இருக்கும். ஒரு காலித் தோட்டாக் கூடு, மேர்வினும் அவருடைய பழைய கூட்டாளி லெக்ஸும் மான் சுட்டுத் திரிந்த காலத்தது. மேர்வின் ஓட்ட, கதவில்லாத பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு லெக்ஸ் சுடுவான். அதற்குப் பிறகு மேர்வின் எத்தனையோ வண்டி மாற்றிவிட்டார், அந்தக் கூடு மட்டும் எப்படியோ ஒவ்வொரு வண்டிக்கும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் மிட்டாய்க் காகிதம். அப்புறம் ஒரு கொண்டை ஊசி. ஆமை ஓட்டு நிறம், ஒரு பல் உடைந்தது.

அலிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தான். "இது கண்ட்ரோல் கம்பிக்குள்ளே போயிருந்தா ஆபத்து" என்றான், குறையாக ஒன்று கிடைத்த நிம்மதியில்.

மேர்வின் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கார்மக்கிடம் நீட்டினார்.

"ஷோனாவோடது."

கார்மக்குக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஷோனாவுக்கு வலி எடுத்த காலையில் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. மேகம் மரத்தின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேர்வின் பைஜாமாவுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மேகத்துக்கும் அலைக்கும் நடுவிலிருந்த சந்தில் வண்டியை விட்டு கிரேமவுத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின் இருக்கையில் ஷோனா கத்தியபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இறங்கின அரை மணியில் ஓர்லா பிறந்தாள். அன்றைக்குக் கார்மக் வண்டியைப் பற்றி எதையும் கேட்கவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

"அன்னிக்கு எந்த எஞ்சினியரையும் கூப்பிடலையேப்பா" என்றார் மேர்வின். கோபமே இல்லாமல், உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி. "பொண்டாட்டியையும் பிள்ளையையும் ஏத்தறப்ப கூப்பிடலே. காசு குடுக்கறப்பத்தான் கூப்பிட்டிருக்கே."

அலிஸ்டர் அவசரமாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

"மேர்வ், அது வந்து..."

"டீ ஆறுது" என்றார் மேர்வின்.

விலையை அவர் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் கார்மக் சந்தோஷமாகக் கொடுத்திருப்பான். கடன் கழிந்தது என்று தூங்கியிருப்பான். சொன்ன வார்த்தையை மாற்றவில்லை, ஆஸ்திரேலியாக்காரனுக்குப் போன் போடவில்லை. குறித்த நாளில் குறித்த விலைக்குக் கொடுத்தார். டாங்கை நிறைத்து வைத்திருந்தார். ஒன்றே ஒன்றைத்தான் விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில் வண்டி கைமாறினால் விற்றவன் வாங்கினவனுடைய குடும்பத்தை ஏற்றி ஆற்று முகத்துவாரத்து மணல் திட்டில் கொண்டுபோய் இறக்குவான்; அங்கே நெருப்பு மூட்டி, பொடிமீனை முட்டையில் கலந்து அடை சுட்டுத் தின்றுவிட்டு, திரும்பும்போது வாங்கினவன் ஓட்டி வருவான். டாக்டர் என்ன சொன்னாலும் அந்த ஒரு பறத்தலுக்கு ஊரே கண்ணை மூடிக்கொள்ளும். ஷோனா முட்டை வாங்கி வைத்திருந்தாள். ஓர்லா புது ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நின்றாள்.

மேர்வின் சாவியைக் கையில் கொடுத்தார். "முழங்கால் வலிக்குது மிஸ்டர் டீகன். நீங்க பாத்துப் போங்க."

மிஸ்டர் டீகன். நீங்க. பிறந்ததிலிருந்து 'டேய்' என்றும் 'பயலே' என்றும், ஒரு முறை பொதுமேடையில் 'இந்தக் கழுதை' என்றும் அழைத்த மனிதர். கார்மக்குக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்திருந்தால் தேவலை.

"பாத்தியா, எவ்வளவு நிம்மதி!" என்றான் கீத், அலிஸ்டரின் அறிக்கையைப் படித்துவிட்டு. அதில் எல்லாவற்றுக்கும் நேரே 'குறை இல்லை' என்று எழுதியிருந்தது.

மூன்று வருஷம் போயிற்று. வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. கார்மக்கின் துயரமே அதுதான். ஒரு போல்ட்டாவது கழன்று விழாதா, ஒரு சொட்டு எண்ணெயாவது ஒழுகாதா, 'நான் சந்தேகப்பட்டது நியாயம்தான்' என்று ஒரு ராத்திரியாவது சொல்லிக்கொள்ள முடியாதா என்று ஏங்கினான். வண்டி மேர்வினுக்குச் சாட்சி சொல்வதற்கென்றே சத்தியம் பண்ணிக்கொண்டு வந்த மாதிரி, கொட்டும் மழையிலும் உறையும் பனியிலும் முதல் பொத்தானிலேயே கிளம்பியது.

மேர்வின் பேசாமல் இருக்கவில்லை. அதுவும் ஒரு கொடுமை. பேசாமல் இருந்தால் சண்டை என்று பெயர் வைக்கலாம், சண்டையை நைரி தீர்த்துவைப்பாள். அவரோ பப்பில் பார்த்தால் எழுந்து ஸ்டூலைக் காலி செய்து, "உக்காருங்க மிஸ்டர் டீகன்" என்பார். மழை எப்படி என்பார். ஓர்லாவிடம் மட்டும் பழைய மாதிரி, "வாடி குட்டி, ஆகாசத்துல பிறக்க இருந்தவளே" என்பார். பயணம் என்று வந்தால் வளைந்து வளைந்து பஸ்ஸில் போவார், கார்மக்கின் வண்டியில் ஏறமாட்டார். கார்மக் ஒரு முறை மன்னிப்புக் கேட்கப் போய், வேலிக் கம்பிக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். இன்னொரு முறை போய் அவருக்கு ஒரு மான் தொடை கொடுத்தான். "ரொம்ப நன்றி, எதுக்குச் சிரமம்" என்று வாங்கிக்கொண்டார். நைரி சொன்னாள்:

"டேய், உனக்கு வாய் எதுக்குக் குடுத்திருக்கு? பீர் ஊத்தவா?"

"சொல்ல வர்றேன் நைரி. அவரு 'நீங்க'ன்னு ஆரம்பிச்ச உடனே எல்லாம் மறந்துபோவுது."

"ஒரு வார்த்தை. 'பொய் சொல்லிட்டேன் மேர்வ்'. அவ்வளவுதான். எஞ்சினியரை விட்டுத்தள்ளு, கிழவன் அதை அன்னிக்கே மறந்திருப்பான். பேங்க்குன்னு சொன்னே பாரு, அதுதான் அவனுக்குள்ளே கிடக்குது."

அந்த வசந்தத்தில் லெக்ஸ் செத்துப்போனான். ஹோகிடிகா ஆஸ்பத்திரியில், தூக்கத்தில். அவ்வளவு மானைச் சுட்டவனுக்குக் கடவுள் கொடுத்த சாவு ஊருக்கே ஆச்சரியமாக இருந்தது. அடக்கம் ஹோகிடிகா சர்ச்சில், திங்கட்கிழமை மதியம். பள்ளத்தாக்கே ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்விட்டது. விடுதியில் ஆள் இருந்ததால் கார்மக் தங்கினான், மேர்வினும் தங்கிவிட்டார். லெக்ஸின் நாய் 'பாஸ்' வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. நாய் இல்லாமல் லெக்ஸை எப்படி மண்ணில் வைப்பது என்று மேர்வின் தரையில் படுத்து, ஈரல் துண்டைக் காட்டிக் காட்டி விடிகிற வரை அழைத்தார். விடியும்போது நாய் வந்தது. அதே நேரத்தில் மலையும் வந்தது. சாலையின் மேல் அரை மலை சரிந்து, மரமும் பாறையுமாக உட்கார்ந்துகொண்டது.

புல்டோசர்காரன் மூலம் விஷயம் தெரிந்து, ஹோகிடிகாவிலிருந்து நைரி கார்மக்குக்குப் போன் செய்தாள்.

"கிழவன் சரிவுகிட்டே நிக்கறான். கறுப்பு கோட்டு, ரப்பர் பூட்ஸு, கையில ஷூ. புல்டோசர்காரன் நாளைக்குத்தான் வழி வரும்னுட்டான். சவப்பெட்டி தூக்கறதுல அவன் ஒருத்தன்டா. அவன் கேக்க மாட்டான். நீ போ."

"என் வண்டியில ஏறமாட்டாரே நைரி."

"அது அவன் வண்டிடா மடையா. போ."

கார்மக் வண்டியைச் சரிவுக்குக் கீழே ஆற்றுக் கூழாங்கல் பரப்பில் இறக்கி அணைத்தான். மேர்வின் சாலை ஓரத்தில் நின்றார், காலடியில் நாய். மெலிந்திருந்தார். பழைய கறுப்பு கோட்டு தோளில் தொங்கியது. வண்டியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்தார்.

அந்த நிமிஷத்துக்காகக் கார்மக் தயாராக இருந்தான். எஞ்சின் மூடிகளைத் திறந்தே வைத்திருந்தான். டார்ச்சை எடுத்து நின்றான். சுற்றட்டும். குனியட்டும். போல்ட் போல்ட்டாக அசைத்துப் பார்க்கட்டும், கண்ணாடி விட்டுப் பார்க்கட்டும், என்னை நிற்கவைத்து ஒரு மணி நேரம் பார்க்கட்டும். 'உன்னை நான் நம்பவில்லை' என்று அவரும் ஒரு தடவை காட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவன் நினைத்தான்.

"எல்லாம் திறந்து வெச்சிருக்கேன் மேர்வ். சுத்திப் பாத்துக்கோங்க."

மேர்வின் டார்ச்சைப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

நேராகக் கதவைத் திறந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூக்கைப் பார்க்கவில்லை. வாலைத் தட்டவில்லை. பாஸ் மட்டும் வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு மூலையையும் மோந்து, வாலடியில் காலைத் தூக்கிவிட்டு, திருப்தியாகப் பின்னால் ஏறிக்கொண்டது.

கார்மக் மூடிகளை ஒவ்வொன்றாகத் தானே மூடினான். 

வண்டியில் யார் ஏறினாலும் பெல்ட்டைப் பூட்டி, ஹெட்ஃபோனை மாட்டி, அதன் ஒயரைச் சொருகி, "கேக்குதா?" என்று கேட்பது அவன் வழக்கம். எஞ்சின் இரைச்சலில் அந்த ஒயர் வழியாகத்தான் பேச்சு கேட்கும். பணக்கார வேட்டைக்காரனுக்கும் அதுதான், நாலு வயசுப் பிள்ளைக்கும் அதுதான். மேர்வின் பெல்ட்டைத் தானே பூட்டிக்கொண்டார். கொக்கியிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கார்மக்கின் கை பாதி நீண்டு நின்றது. இந்த மனுஷருக்கா நான் சொருகிக் கொடுப்பது? இவரையா கேக்குதா என்று கேட்பது? ஒரு தடவை பரிசோதித்தது போதும் என்று கையை இழுத்துக்கொண்டான்.

ஏறினார்கள். சரிவுக்கு மேலே, காட்டுக்கு மேலே, கடலோரத்துக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது. கீழே அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மேர்வின் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.  அவர் அப்படிச் சும்மா இருப்பதைப் பார்த்ததும் கார்மக்குக்கு மூன்று வருஷமாக மறந்துபோனது எல்லாம் ஞாபகம் வந்தது. ஒருவேளை முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே பேச முடிந்ததாலும் இருக்கலாம்.

"மேர்வ், அந்த பேங்க் விஷயம்" என்றான். "பேங்க் கேக்கவே இல்லே. நான்தான் பொய் சொன்னேன். கீத் சொன்னான்னு சொல்லலாம். சொன்னான்தான். வாய் அவனோடது, காது என்னோடதுதானே? எனக்குப் பயமா இருந்துச்சு. வண்டியைப் பத்தி இல்லே. நமக்குள்ளே விலைன்னு ஒண்ணு வந்துட்டா எதை நம்பறதுன்னு தெரியாம ஒரு பயம். அதை உங்ககிட்டே சொல்லியிருந்தா நீங்களே எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். அந்தக் கொண்டை ஊசியை நான் ஷோனாகிட்டே இன்னும் குடுக்கலே. சட்டைப் பையிலேயே வெச்சிருக்கேன். குடுத்தா எங்கே கெடைச்சுதுன்னு கேப்பா. எவனாவது அந்த மாதிரி பண்ணுவானா மேர்வ்? நீங்க என்னைத் திட்டுங்க. கழுதைன்னு சொல்லுங்க. மிஸ்டர் டீகன்னு மட்டும் சொல்லாதீங்க."

கடல் முனையைத் தாண்டும்போது காற்று வண்டியை ஒரு உலுக்கு உலுக்கியது. மேர்வின் தலையை ஆட்டினார். ஒரே ஒரு முறை, மெதுவாக, ஆமாம் என்கிற மாதிரி.

கார்மக்குக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.   மூன்று வருஷம் ஒரு தலையாட்டலில் கழிந்தது. ஹோகிடிகா வரை அவன் வண்டியை ஓட்டினான் என்பதைவிட வண்டி அவனைத் தூக்கிக்கொண்டு போனது என்று சொல்லலாம்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் இறக்கினான். சாலைக்கு அந்தப் பக்கம் சர்ச். வாசலில் ஊர் ஆட்கள் கறுப்பாக நின்றார்கள். மேர்வின் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, ஷூவை மாட்டி, நாடாவைக் கட்டினார். பெல்ட்டை அவிழ்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

அப்போதுதான் கார்மக் பார்த்தான். ஹெட்ஃபோனின் ஒயர் கீழே தொங்கியது. அதன் முனை எதிலும் சொருகப்படாமல், இருக்கைக்குப் பக்கத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

சொருக மறந்தாரா, மறக்கவில்லையா? நாற்பது வருஷம் ஓட்டினவர். ராத்திரி முழுக்கத் தரையில் படுத்து நாயைக் கூப்பிட்டவர். எதுவும் இருக்கலாம்.

மேர்வின் இறங்கினார். நாய் குதித்தது. விசிறிக்குக் கீழே குனிந்து, வழுக்கைத் தலையைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார்.

"மேர்வ்!" என்று கத்தினான் கார்மக். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

ஓடிப் போய்ப் பிடிக்கலாம், அந்தத் தோளைத் தொடலாம், மறுபடி முதலிலிருந்து சொல்லலாம், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. ஆனால் இந்த மாதிரி எஞ்சினை இறங்கின உடனே அணைக்க முடியாது. கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு ஆறவைத்துத்தான் அணைக்க வேண்டும். அது ஓடுகிறவரை இருக்கையை விட்டு எழக் கூடாது. எழுகிறவர்கள் உண்டு. மேர்வினின் வண்டியில் யாரும் எழுந்ததில்லை. கார்மக் கையை நெம்புகோலிலிருந்து எடுக்காமல், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முள் இறங்கியது. அவ்வளவு மெதுவாக ஒரு முள் இறங்கி அவன் பார்த்ததில்லை.

சாலையைத் தாண்டி மேர்வின் சர்ச் படிக்குப் போய்விட்டார். யாரோ அவர் தோளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ நாயின் கழுத்தைத் தடவினார்கள். உள்ளே போகும் முன் அவர் நின்று திரும்பினார். கார்மக் கையைத் தூக்கினான். ஆனால் அவர் பார்த்தது அவனை இல்லை, வண்டியை. மூக்கில் ஆரம்பித்தார், வயிற்றுக்கு வந்தார், வால் வரைக்கும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போய், வால் விசிறியில் பார்வையை நிறுத்தினார். அவருடைய வலது கை கோட்டுப் பக்கத்தில் தொடையை மூன்று முறை தட்டியது.

பிறகு உள்ளே போய்விட்டார்.

கார்மக் எஞ்சினை அணைத்தான். விசிறி தளர்ந்து, தலைக்கு மேலே ஒவ்வொரு இறக்கையாகத் தனித்தனியே தெரிந்து, நின்றது. அவன் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒயரை எடுத்து அதன் துளையில் சொருகினான். சொருகி, "கேக்குதா?" என்றான், காலி இருக்கையைப் பார்த்து.